கனிஷ்கா அசையாமல் உட்கார்ந்த வாரம்

ஜூலை 8, திங்கள்

டாக்டர் எழுதச் சொல்லியிருக்கிறார், எழுதுகிறேன். பேத்தி கனிஷ்கா என்ன சாப்பிட்டாள், எப்போது தூங்கினாள், எப்படி இருந்தாள், இவ்வளவுதான் அவருக்கு வேண்டும். கூட்டுறவு வங்கியில் பொங்கலுக்குக் கொடுத்த டைரி ஒரு வரிகூட எழுதாமல் கிடந்தது. நானும் சும்மாதான் கிடக்கிறேன்.

போன வியாழக்கிழமை நடந்ததை முதலில் எழுதினால்தான் மற்றது விளங்கும். கோபி பஸ் ஸ்டாண்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள், எதிர்க்கடை வாசலில் ஒரு நாய்க்குட்டியைப் பார்த்தாள். பார்த்ததும் கையை உருவிக்கொண்டு ஓடினாள். சத்தியமங்கலம் பஸ் உள்ளே திரும்பிக்கொண்டிருந்தது. டிரைவர் அடித்த பிரேக்கில் உள்ளே நின்றவர்கள் எல்லாம் முன்னால் வந்து விழுந்தார்கள். பம்பருக்கும் பிள்ளைக்கும் நடுவில் ஒரு முழம். முப்பது வருஷம் அரசு பஸ் ஓட்டியவன் நான். ஒரு முழம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். அவளோ நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்து, "அப்புச்சி, இதுக்கு ஒரு காது மட்டும் வெள்ளையா இருக்குதுங்க!" என்றாள்.

அதற்குப் பிறகுதான் பள்ளிக்கூடத்து டீச்சர் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்ததற்குத் தலையாட்டினேன். இன்று ஈரோட்டில் பிள்ளைகள் மனநல டாக்டரிடம் போனோம். ஷர்மிளா என்று பெயர், சின்ன வயசு. என்னை ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார். கனிஷ்காவை அதைவிட அதிக நேரம் பார்த்தார். அதற்குள் இவள் அவருடைய சுழல் நாற்காலி, பேனா, ஸ்டெதாஸ்கோப் எல்லாவற்றையும் ஒரு வழி பண்ணிவிட்டாள். கடைசியில் ஏ.டி.எச்.டி. என்றார்.

"ஏனுங்க டாக்டர், துறுதுறுன்னு இருந்தா அதுக்கொரு நோவா? எங்க காலத்துல இதுக்கெல்லாம் முதுகுல ரெண்டு வெச்சாச் சரியாப் போயிருமுங்க" என்றேன்.

"வெச்சுப் பாத்தீங்களா?"

கனிஷ்கா கையிலிருந்த பேனாவைப் பிடுங்கி மேஜைமேல் வைத்தேன்.

"வளர்ப்புக் கோளாறு இல்லீங்க ஐயா. இவ திமிரும் இல்ல. நிக்கணும்னு இவளுக்கும் தெரியும், பிரேக்கு கொஞ்சம் லேட்டாப் புடிக்குது. அவ்வளவுதான்" என்றார்.

என்னிடம் எந்த பாஷையில் பேச வேண்டும் என்று கண்டுகொண்டார். மாத்திரை எழுதினார். "காலையில சாப்பிட்டதும் ஒண்ணு. மெல்லக் கூடாதுங்க, அப்படியே உள்ள போகணும்" என்றார். ஏழு வயதுப் பிள்ளைக்கு மூளைக்கு மாத்திரை. வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அவள் பேசிக்கொண்டே வந்தாள். என் காதில் எதுவும் விழவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

காலை: இரண்டு தோசை. ஒன்று இவளுக்கு, ஒன்று காக்காய்க்கு.

தூக்கம்: ஒன்பதரைக்குப் படுத்தாள். அதற்கு முன் பல்லிக்கு வேர்க்குமா, செத்துப்போன அம்மாயிக்கு அங்கே யார் தலை பின்னிவிடுகிறார்கள் என்ற கேள்விகள். என் மனைவி போய் நாலு வருஷம் ஆகிறது. எனக்கு இதெல்லாம் தெரியாது என்று சொன்னேன். "அப்ப யாருக்குத்தாந் தெரியும்?" என்று கோபித்துக்கொண்டாள்.

மாத்திரை இன்னும் ஆரம்பிக்கவில்லை. டப்பாவுக்குள் மடித்து வைத்திருந்த காகிதத்தைப் பக்கத்து வீட்டுக் காலேஜ் பெண்ணிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். பசி குறையலாம், தூக்கம் கெடலாம், நெஞ்சு படபடக்கலாம் என்று ஆரம்பித்தாள். "போதும் சாமி, நிறுத்து" என்று வாங்கி வைத்துவிட்டேன். மீதியைக் கேட்டால் கொடுக்க மனசு வராது.

சுகுணாவுக்குப் போன் போட்டேன். என் மகள், இவளுடைய அம்மா. திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை, அங்கேயே ஹாஸ்டல், ஞாயிறு வருவாள். மாப்பிள்ளை எங்கே இருக்கிறான் என்று தெரியாது, தெரிந்து ஆகப்போவதும் ஒன்றும் இல்லை. "குடுங்கப்பா. டாக்டரு சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றாள். அவள் குரலும் சரியாக இல்லை.

ஜூலை 10, புதன்

ஆரம்பித்தாயிற்று. முதல் தடவை துப்பினாள். இரண்டாம் தடவை தண்ணீரோடு சேர்த்து என் சட்டையில் கக்கினாள். மூன்றாம் தடவை வாயையே திறக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு வேறு நேரமாகிவிட்டது.

மெல்லாமல் உள்ளே போக வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு மாத்திரை எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியாதா என்ன. சுகுணாவுக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து நசுக்கி, தேனில் குழைத்து நாக்கில் தடவினோம். இது கரண்டிக்கு மசியவில்லை, கெட்டி மாத்திரை. இஞ்சி தட்டும் சின்ன உரலில் போட்டு நாலு இடி இடித்தேன். தேனோடு கொடுத்ததும் சப்புக்கொட்டிக்கொண்டு நக்கிவிட்டாள். மெல்லுகிற வேலையே இல்லை. டாக்டரம்மாவுக்கே இந்த வழி தோன்றியிருக்காது.

மாலை நாலு மணிக்கு டீச்சர் வாசல்வரை வந்தார். "இன்னிக்கு எடத்த விட்டு எந்திரிக்கவே இல்லீங்க. எழுதிக்கிட்டே இருந்தா" என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. நோட்டை வாங்கிப் பார்த்தேன். அ முதல் ஔ வரை நேர்க்கோட்டில் நிற்கிறது.

ஜூலை 11, வியாழன்

இன்றும் அதே. டீக்கடையில் நாலு பேர் முன்னால் சொன்னேன். "எம் பேத்தி இப்பத்தான் நல்ல புள்ளையாயிட்டா, போங்க!" என்று சொல்லும்போது என்னை அறியாமல் சிரிப்பு வந்தது. கனிஷ்கா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். பன்னு வாங்கித் தந்தேன், தின்னவில்லை.

மத்தியானச் சோறு டப்பாவில் அப்படியே திரும்பி வந்தது.

ஜூலை 12, வெள்ளி

சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் ஒரே அழுகை. பென்சில் முனை ஒடிந்துவிட்டதாம், அதற்கு அழுகை. புதுசு எடுத்துக் கொடுத்தேன், அதற்கும் அழுகை. தரையில் படுத்துக் காலை உதைத்தாள். யார் கண் பட்டதோ என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டேன். டீக்கடையில் பெருமை பேசியது என் தப்பு.

ஜூலை 13, சனி

பள்ளி லீவு. மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்று இன்றுதான் கண்ணால் பார்த்தேன். தேனை நக்கிக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். வாசற்படியில் புளியங்கொட்டைகளை வரிசையாக வைக்க ஆரம்பித்தாள். வைத்தாள், வைத்தாள், மத்தியானம்வரை வைத்துக்கொண்டே இருந்தாள். தலை நிமிரவில்லை. "அம்முணி, மேல மயிலு வந்திருக்குது பாரு" என்றேன். "ம்" என்றாள். மயில் என்றால் தெருவையே கூட்டுகிறவள்.

நான் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தேன். வரிவிளம்பரம்கூட விடவில்லை. இவள் இந்த வீட்டுக்கு வந்த பிறகு இதுதான் முதல் தடவை. நன்றாகத்தான் இருந்தது. அதை எழுத என்ன வெட்கம்?

மத்தியானம் இரண்டு வாய். விரல் நகத்தைச் சுற்றி உரித்துக்கொண்டே இருக்கிறாள், எண்ணெய் வைத்துவிட்டேன்.

ஜூலை 14, ஞாயிறு

பத்து மணி பஸ்ஸில் சுகுணா வந்தாள். எப்போதும் அம்மாவைக் கண்டால் கேட்டைத் திறக்க விடாமல் மேலே ஏறி விழுகிற பிள்ளை, இன்று உட்கார்ந்த இடத்திலிருந்தே "வாங்கம்மா" என்றது. ஒறம்பரை, விருந்தாளி வந்தால் கூப்பிடுகிற மாதிரி.

சுகுணா பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "என்னங்கப்பா இவ இப்படி இருக்கறா?" என்று கேட்டாள்.

"எப்படி இருக்கறா? உக்காந்திருக்கறா. ஆடுனாலும் குத்தம், உக்காந்தாலும் குத்தமா? டீச்சரப் போய்க் கேளு."

"இவ கனி மாதிரியே இல்லீங்கப்பா."

"வாரத்துக்கு ஒரு நாள் வந்து பாக்கறவளுக்கு அப்படித்தான் இருக்கும்" என்றேன். சொல்லியிருக்க வேண்டாம். சமையலறைக்குள் போய் வெகுநேரம் பாத்திரம் கழுவினாள். எல்லாம் நான் காலையிலேயே கழுவி வைத்த பாத்திரங்கள்.

மருந்து உடம்புக்குப் பழகும்வரை அப்படி இப்படித்தான் இருக்கும். சுகுணாவை நாலரை வண்டிக்கு ஏற்றிவிட்டேன்.

ஜூலை 15, திங்கள்

இப்போது மாவாகவே அரைக்கக் கைவந்துவிட்டது. ஒரு துணுக்கு வீணாவதில்லை. காலை இட்லி பாதி. கேள்வி ஒன்றும் கேட்கவில்லை.

ஜூலை 16, செவ்வாய்

பத்தரை மணிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து போன். கனிஷ்கா பிரேயரில் இருந்தே ஒரு மாதிரி இருந்தாளாம், வகுப்பில் வாந்தி எடுத்து மயங்கி விழுந்துவிட்டாளாம். மொபெட்டை எப்படி ஓட்டிப் போனேன் என்று தெரியவில்லை. டீச்சர் மடியில் படுத்திருந்தாள். முகம் வேர்த்திருந்தது, கை மட்டும் சில்லென்று இருந்தது. நெஞ்சில் உள்ளங்கையை வைத்தேன். நியூட்ரலில் நிறுத்தி ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்த மாதிரி ஓடியது. எலும்பும் தோலுமான நெஞ்சு, உள்ளே இத்தனை வேகம்.

பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கொண்டுபோனோம். டூட்டி டாக்டர் ஒரு பையன். ஊசி, ஒயர், திரையில் பச்சைக் கோடு. என்ன மாத்திரை என்று கேட்டார், டப்பாவைக் கொடுத்தேன்.

"எப்படிக் குடுக்கறீங்க? முழுசா முழுங்கறாளா?"

"இல்லீங்க. துப்பிப்போடறா. நான் நல்லா இடிச்சு, மாவாக்கி, தேன்ல கொழைச்சுக் குடுத்தர்றனுங்க. ஒரு பொட்டுக்கூட வீணாகாது" என்றேன். அந்த நேரத்திலும் எனக்கு அதில் ஒரு பெருமை.

அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார். "எத்தனை நாளா?"

"மொத நாள்ல இருந்தேங்க."

"ஐயா, இது ஒரு நாள் முழுக்கக் கொஞ்சங் கொஞ்சமா எறங்கறதுக்குன்னே செஞ்ச மாத்திரை. அதனாலதான் அவ்வளவு கெட்டியா இருக்குது. நீங்க இடிச்சா, ஒரு நாளைக்கான மருந்து மொத்தமும் சட்டுனு உள்ள எறங்கிருது. கொழந்தை தாங்குமா?"

விரல் விட்டு எண்ணினேன். ஏழு காலை. ஏழு காலையிலும் என் கையால்.

ஜூலை 17, புதன்

ஆடி ஒன்று. நேற்று சாயங்காலமே துடிப்பு சரியாகிவிட்டது என்று அனுப்பிவிட்டார்கள். இன்று மாத்திரை இல்லை. எழுதவும் ஒன்றும் இல்லை.

ஜூலை 18, வியாழன்

சுகுணா லீவு போட்டு நேற்றே வந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள் என்று கேட்டதற்கு நேற்று மழுப்பினேன். இன்று, ஆஸ்பத்திரியிலிருந்து விஷயம் தெரிந்து டாக்டர் ஷர்மிளாவே அவளுக்குப் போன் செய்து சொல்லியிருக்கிறார். உரலைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"இதுலயாங்கப்பா?"

"ஆமா."

"தெரியலீன்னா ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா? எங்கிட்டக் கேக்க வேண்டாம். நான் வாரத்துக்கு ஒரு நாள் வர்றவ. டாக்டரக் கேக்கக் கூடாதா? அந்தப் பக்கத்து வீட்டுப் புள்ளையக் கேக்கக் கூடாதா?"

அந்தப் பெண் படிக்க ஆரம்பித்ததும் நிறுத்தச் சொன்னவன் நான்தான் என்பதை அவளிடம் சொல்லவில்லை.

"நான் இவளத் திருப்பூருக்கே கூட்டிட்டுப் போயிர்றனுங்கப்பா. ரூம் பாக்கறேன். என்ன கஷ்டமானாலும் நானே பாத்துக்கறேன்."

"கூட்டிட்டுப் போ" என்றேன். வேறு என்ன சொல்ல? பிள்ளையைக் கொல்லப் பார்த்தவன் வேண்டாம் என்றா மறிப்பான்? உள்ளே போய்க் கனிஷ்காவின் துணிகளை மடிக்க ஆரம்பித்தேன். சின்னச் சின்னச் சட்டைகள். இரண்டு மடித்ததற்கு மேல் முடியவில்லை.

வெளியே அவள் மதில்மேல் ஏறி நின்று, எருமைக்கு ஏன் வேர்க்கடலை பிடிக்காது என்று தெருவுக்கே கேட்டுக்கொண்டிருந்தாள். கேள்வி திரும்பி வந்துவிட்டது. நான் ஓடிப்போய் இறக்கிவிட்டேன். இறக்கும்போது ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டே நின்றேன்.

ஜூலை 20, சனி

மூவரும் ஈரோடு போனோம். டாக்டர் என் முகத்தில் அறைவார் என்றுதான் போனேன். அறைந்திருந்தால் தேவலை. அவர், "எப்படிக் குடுப்பீங்க, முழுங்கத் தெரியுமான்னு நான் கேட்டிருக்கணுங்க ஐயா. மெல்லக் கூடாதுன்னு சொன்னதோட விட்டுட்டேன்" என்றார். படித்தவர் அப்படிச் சொன்னதும் எனக்கு இன்னும் கூசியது. நெஞ்சுப் பரிசோதனை எல்லாம் சுத்தமாக இருக்கிறதாம், நிரந்தரமாக ஒன்றும் ஆகவில்லையாம்.

"எனக்கு இந்த மருந்தே வேண்டாமுங்க" என்றேன். "ஓடட்டும், ஆடட்டும். நான் பின்னாடியே ஓடிக்கறேன்."

சுகுணாவும் என் பக்கம்தான் தலையாட்டினாள். டாக்டர் வற்புறுத்தவில்லை, யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

வெளியே வந்தோம். ஆட்டோ கூப்பிட நான் கையைத் தூக்கிய அந்தக் கணத்தில் எதிரே பலூன்காரர் போனார். கனிஷ்கா ரோட்டில் இறங்கிவிட்டாள். சுகுணா எட்டிச் சடையைப் பிடித்து இழுத்தாள். லாரி ஒன்று ஹாரனை அடித்துக்கொண்டே போனது. சடையில் வலித்ததென்று கனிஷ்கா அழுதாள். சுகுணா அங்கேயே பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து, "குடுக்கலாங்கப்பா" என்றாள். "ஆனாச் சரியாக் குடுக்கோணும். நீங்களே குடுங்க."

"நானா?"

"உங்கள விட்டா இவளுக்கும் எனக்கும் ஆரு இருக்கறாங்க?"

திரும்பவும் உள்ளே போனோம்.

ஜூலை 22, திங்கள்

முழுங்கப் பழக்க வேண்டும், முழுங்க வந்த பிறகுதான் மாத்திரை என்பது பேச்சு. சாதப் பருக்கையை வைத்துப் பார்த்தோம், மென்றுவிடுகிறாள். சீரக மிட்டாய், அதையும் மென்றுவிடுகிறாள். சாயங்காலம் ராகிக் களி கிண்டியிருந்தேன். உருட்டிக் குழம்பில் தோய்த்து தன் பாட்டுக்கு முழுங்கிக்கொண்டிருந்தவள், திடீரென்று நிறுத்தினாள்.

"அப்புச்சி, களிய ஆரும் மெல்லறதில்லீங்கல்ல?"

"மென்னா அது களியா? பல்லுலயே ஒட்டிக்கும்."

"அப்ப மாத்திரைய இதுக்குள்ள வைங்க."

இத்தனை வயதாகியும் எனக்குத் தோன்றவில்லை. உடனே டாக்டருக்குப் போன் போட்டேன். இனிமேல் இந்த வீட்டில் தண்ணீர் குடிப்பதென்றாலும் டாக்டரைக் கேட்டுத்தான். அவர் சிரித்தார். உருண்டை சின்னதாக இருக்கட்டும், மாத்திரை முழுசாக இருக்கட்டும், பக்கத்திலேயே இருங்கள் என்றார்.

ஜூலை 23, செவ்வாய்

காலையில் களிக்குள் முழு மாத்திரை. தொண்டையில் இறங்கிவிட்டது. வாயைத் திறக்கச் சொல்லி நாக்குக்கு அடியில்கூடப் பார்த்தேன். வகுப்புக்கு வெளியே மரத்தடியில் மத்தியானம்வரை உட்கார்ந்திருந்தேன். இடைவேளையில் கூப்பிட்டு நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். "விடுங்க அப்புச்சி, சிரிக்கறாங்க" என்று ஓடிவிட்டாள்.

ஜூலை 25, வியாழன்

சோறு: முக்கால் டப்பா. தூக்கம்: பத்து மணி. டீச்சர் சொன்னது: "ரெண்டு தடவை எந்திரிச்சா, ஆனாத் தானா வந்து உக்காந்துட்டா." கையெழுத்து அந்த வாரத்துக்குப் பக்கத்தில் நிற்காது, கோணல்தான். எனக்கு இது போதும்.

வரும்போது சாலையோரத்தில் ஒரு ஆட்டுக்குட்டி. பார்த்தாள். என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "வண்டி வருதாங்க?" என்று கேட்டாள். கேட்டபிறகு ஓடினாள்.

ஜூலை 27, சனி

காலையில் மொபெட் கழுவினேன். கனிஷ்கா தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டாள். பாதித் தண்ணீர் வண்டிக்கு, மீதி எனக்கு. "நேராப் புடிக்கத் தெரியாதா? ஒரு வேலை உருப்படியாச் செய்யறயா நீ?" என்று அதட்டினேன். பழக்கதோஷம்தான், கோபம்கூட இல்லை.

அவள் குழாயைக் கீழே வைத்தாள். "அப்புச்சி, நாளைக்கு அந்தத் தேன் மாத்திரையே குடுங்க."

"எதுக்கு?"

"அதத் தின்னாத்தான நான் நல்ல புள்ளையா இருந்தனுங்க?"

"அதுல உனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சு மயக்கமே வந்திருச்சே, சாமி. மறந்துபோச்சா?"

"அது மொத நாள்ல இருந்தே அடிச்சுதுங்க அப்புச்சி."

வண்டி துடைத்த துணியைக் கீழே போட்டேன். "மொத நாள்ல இருந்தா? ஏஞ் சொல்லல?"

அவள் கால் விரலால் ஈர மண்ணைக் கிளறினாள். "டீக்கடையில என்னக் காட்டிச் சிரிச்சீங்கல்ல. அதுக்கு முன்னால நீங்க அப்படிச் சிரிச்சதே இல்லீங்க. சொன்னா மாத்திரைய நிறுத்திப்போடுவீங்க, அதான் சொல்லல."

அந்த வாரம் நீ சும்மா உட்கார்ந்திருந்தது எனக்குப் பிடிக்கவே இல்லை என்று சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. இவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சனிக்கிழமை நான் பேப்பரைக் கடைசிப் பக்கம்வரை படித்ததை இவள் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். இவளிடம் பொய் சொல்ல முடியாது.

"ஆமாங் கண்ணு, சிரிச்சேன். நீ சும்மா இருந்தது எனக்குப் புடிச்சுத்தான் இருந்துச்சு" என்றேன். "உனக்கு உள்ள அடிச்சுக்கிட்டிருந்தது எனக்குத் தெரியல. பக்கத்துல இருந்தும் தெரிஞ்சுக்கல. அது எந் தப்பு."

ஈரத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். மனைவி செத்தன்றுகூட நாலு பேர் முன்னால் அழாதவன். கனிஷ்கா பக்கத்தில் வந்து குந்தினாள். என் சட்டைப் பொத்தானைக் கொஞ்ச நேரம் திருகிக்கொண்டிருந்தாள்.

"போச்சாதுங்க அப்புச்சி" என்றாள், போனால் போகிறது என்று விட்டுக்கொடுக்கிற பெரிய மனுஷி மாதிரி. "எந்திரிங்க. பின்னாடிச் சக்கரம் இன்னுங் கழுவல."